எஸ்ங்க

சனிக்கிழமை பத்து மணிக்குத் தேர்வு.
பாலிடெக்னிக்கிலிருந்து நேராக
இரண்டாம் வருடத்துக்கு மாறி வருகிறவர்கள்
இங்கிலீஷில் கேட்க, படிக்க, எழுத, பேச வரும் என்று
காட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டுமாம்.
ஹால் டிக்கெட்டில் என் பெயருக்கு நடுவே
ஒரு எச் கூடுதலாக விழுந்திருக்கிறது.
அதையும் தூக்கிக்கொண்டுதான் பாஸாக வேண்டும்.

பல்லடத்தில் ஏறினால்
லிசனிங் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கும்.
வலது காதில் ஒரு வெள்ளைக்காரர்
ஓட்டலில் ரூம் கேட்கிறார்,
கடல் தெரிகிற சன்னலாகப் பார்த்து.
இடது காதில் கண்டக்டர்:
"வீரபாண்டி பிரிவு எறங்கறவங்கெல்லா முன்னால வாங்."
ரூம் நம்பர் ஃபோர்ட்டீனா, ஃபார்ட்டியா?
ஏர்ஹாரன் முழுங்கிவிட்டது.
மூன்று நாளாக அந்த மனுசனுக்கு
ரூம் கிடைத்தபாடில்லை.

அட்வைஸுக்குப் பன்மை கிடையாதாம்.
எழுதினவர் எங்கள் வளவுக்கு வந்து பார்க்கட்டும்,
நான் காலேஜ் மாறுகிறேன் என்று
தெரிந்த நாளிலிருந்து.

ஸ்பீக்கிங்தான் உதைக்கிறது.
"வாக்கியம் சரி, கடைசியில அந்த 'ங்க' எதுக்கு?"
சென்டரில் மௌலீஸ்வரன் சார் தினமும் திருத்துகிறார்.
யெஸ் என்று வெட்டினாற்போல் நிறுத்தினால்
யாரையோ வாசலில் நிற்கவைத்துவிட்டு
கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கிறது எனக்கு.
அவருக்குப் போன் வந்தது.
"ஹலோங்க" என்றபடி வெளியே போனார்.

கம்பெனியில் எனக்குச் செக்கிங்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்,
எங்கே பிழையோ அங்கே
சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
கிராமர் புத்தகத்திலும் அதையே ஒட்டிவைத்திருக்கிறேன்.
பிரசன்ட் பெர்ஃபெக்ட் பக்கத்தில்
தாள் தெரியாத அளவுக்கு அம்பு.

பக்கத்து மேசை சபித்ரி நாயக், ஒடிசா.
என் தமிழில் கால்வாசி அவளுக்கு எட்டும்,
அவள் இந்தியில் எனக்கு நம்பர் மட்டும் தெரியும்.
மிச்சமிருப்பது இங்கிலீஷ்.
ஏழு மணி டீக்கு மாதிரி வினாத்தாளை நீட்டி
"நீதான் எக்ஸாமினர்" என்றேன்.
துப்பட்டாவைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எழுத்துக் கூட்டினாள்:
"டெல் மீ அபௌட் யுவர் ஹோம்டவுன்."
மனப்பாடம் பண்ணியதை ஓட்டினேன்,
பனியன், ஏற்றுமதி, வேலைவாய்ப்பு.
அவள் தாளைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கேட்டாள்:
"ரிவர் இருக்கா?"

அது வினாத்தாளில் இல்லை.

"எஸ்ங்க."
இரண்டு பேரும் டீயைச் சிந்தினோம்.
அப்புறம் நொய்யலுக்கு வந்து மாட்டிக்கொண்டேன்.
இஸ் போட்டால் பொய்,
வாஸ் போட்டால் மனசு கேட்கவில்லை.
எந்த நாளில் என்று சொல்ல முடியாமல்
எப்போதோ ஆனது,
ஆகி இன்னும் கரை பிடித்து நிற்பது.
"இட் ஹாஸ் பீன் ரெட். இட் ஹாஸ் பீன் ப்ளூ."
சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது,
அத்தனை அம்பு ஒட்டிய பக்கம் அது.

"நவ் யூ" என்றேன்.
அவள் தன் ஊர் ஆற்றின் பெயரைச் சொன்னாள்.
அதன்பிறகு வார்த்தை தேடினாள்,
இங்கிலீஷில், தமிழில், வேறெதிலோ.
இரண்டு கையையும் விரித்துக்கொண்டே போனாள்,
இஸ்திரி டேபிள் வரைக்கும்,
பீஸ் மூட்டை அடுக்கி இருந்த சுவர் வரைக்கும்.
"பிக்ங்க" என்றாள்.

பெல் அடித்துவிட்டது.
எனக்கு எத்தனை மார்க் என்று கேட்டதற்கு
அம்பு ஸ்டிக்கர் ஒன்றில் ஏழு என்று எழுதி
என் சட்டைக் கையில் ஒட்டினாள்.
ஒன்பதுக்கா பத்துக்கா, சொல்லவில்லை.

ராத்திரி பஸ்ஸில்தான் அதைக் கவனித்தேன்.
செக்கிங் கண் சும்மா இருக்குமா,
அம்பு காட்டிய இடத்தை
லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன்.
தையல் சரியாகத்தான் இருந்தது.