பதினான்கு மில்லி செகண்ட்

திங்கட்கிழமை ரொசால்பா வருவாள்.
வியாழன் பால்தொமேரோ.
ஒரே பாட்டுக்குத்தான் வருகிறார்கள்,
ஜூன் மாதத்திலிருந்து
ஒரே நாளில் வருவதில்லை.

வால்பராய்சோவில், கம்பிவட லிஃப்ட் நிற்கும் மேட்டில்,
சைக்கிள் கடைக்கு மேலே என் ஸ்டூடியோ.
சுவரெங்கும் மெத்தை அடித்திருக்கிறேன்.
அப்படியும் துறைமுகத்துக் கப்பல் உறுமி உள்ளே வரும்,
நாய்கள் வரும்,
சிலிண்டரை இரும்பால் தட்டிக்கொண்டு
கேஸ்காரன் வருவான்.

ஒரு மைக்குக்கு உரியது
இன்னொரு மைக்கில் இறங்கினால்
எங்கள் தொழிலில் அதற்குக் கசிவு என்று பெயர்.
மார்ச்சில் எடுத்த நான்கு பாட்டிலும் கசிவு.
அவள் டிராக்கை மியூட் செய்துவிட்டு
அவன் சிம்பலை மட்டும் கேட்டால்
பின்னால் எங்கோ, அடுத்த வீட்டில் போல,
பாடிக்கொண்டிருப்பாள்.
எந்தப் பிளக்-இன்னாலும் துடைக்க முடியவில்லை.

ஐந்தாவது பாட்டில் கசிவே இல்லை.
இருபது வருடத்தில் இத்தனை சுத்தமான பதிவு
எனக்கு வாய்த்ததில்லை.
இதை உவமையாக்க வேண்டாம்,
வேலை கிடக்கிறது.

முதலில் அவள் மூச்சுகள்.
ஒவ்வொரு வரிக்கு முன்னும் ஒரு சின்னக் குன்று,
அலைவடிவத்தில் கண்ணுக்கே தெரியும்.
வெட்டினேன். வெட்டிய ஓரங்களைக்
கிராஸ்ஃபேடால் ஒட்டினேன்,
தையல் தெரியாமல்.

பிறகு அவன்.
பெரிதாக்கிப் பார்த்தால்
கிரிட்டின் கோட்டுக்கு வலப்பக்கம் நிற்கிறது
ஒவ்வொரு ஸ்னேர் அடியும்.
பதினான்கு மில்லி செகண்ட். சில இடத்தில் பதினேழு.
லேட்டன்சியோ என்று பஃபரைக் குறைத்தேன்,
கேபிளை மாற்றினேன்.
இல்லை, ஆள்தான்.
குவாண்டைஸ் என்று ஒரு சொல்,
ஒரே அழுத்தல்.
பள்ளிக்கூட வரிசைபோல எல்லா அடியும்
கோட்டில் போய் நின்றது.

திங்கட்கிழமை போட்டுக் காட்டினேன்.
பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றினாள்.
‘இது யார் வாசித்தது?’
‘பால்தொமேரோதான்.’
‘இல்லை. அவன் லேட்டாகத்தான் வருவான்.
கல்யாணத்துக்கே லேட்டாகத்தான் வந்தான்.
அந்த லேட்டில்தான் நான் மூச்சு விடுவேன்.’

மூச்சுகளும் இப்போது குப்பைத்தொட்டியில்
என்று நான் சொல்லவில்லை.
திரையைச் சற்றே என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவள் படியிறங்கிப் போனதும்
அன்டூ.
அன்டூ.
முப்பத்தாறு தடவை,
செய்ததை எல்லாம் செய்யாததாக்கி
பின்னோக்கி நடந்தேன்.
வெளியே யாரும் யாருக்கும்
இத்தனை தடவை அனுமதி தருவதில்லை.
(சரி, இது உவமைதான். போகட்டும்.)
குன்றுகள் முளைத்தன.
அடிகள் கோட்டை விட்டு நகர்ந்து
தங்கள் பழைய இடத்தில் உட்கார்ந்தன.

வியாழன் அவன் வந்தான்,
நாற்பது நிமிடம் லேட்டாக.
முழுதும் கேட்டான். எதுவும் கேட்கவில்லை.
செருப்பை மாட்டும்போது
‘அவள் குரலை ஒரு டெசிபல் ஏற்று’ என்றான்.
‘உன் டிரம்ஸ் அமுங்கிப் போகும்.’
‘தெரியும்.’
ஒன்றரை ஏற்றினேன்.
மீட்டரில் சிவப்பு ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு
இறங்கிக்கொண்டது.

கோப்புக்குப் பெயர்: கடைசி.
அதற்கு முன்னால் இருக்கின்றன
கடைசி ஒன்று, கடைசி இரண்டு,
சத்தியமாகக் கடைசி.

ஏற்றுமதி ஆகும்போது
இன்னொரு முறை கேட்டேன்.
இரண்டு நிமிடம் ஐம்பத்துமூன்றாம் நொடியில்
அவள் கடைசி வரிக்கு அடியில்
டங்.
கசிவில்லை என்று சொன்னேனே, தவறு.
பெரிதாக்கிப் பார்த்தேன்:
கேஸ்காரன்.
மயிரிழை பிசகாமல்
கோட்டின் மேலேயே.

அந்தப் பாட்டில் தாளத்தில் இருப்பது
அவன் ஒருவன்தான்.
அவனை மட்டும் கொஞ்சம்
பின்னால் தள்ளி வைத்தேன்.