பத்தாயிரத்தில் ஒன்று

புதுவயல் ஆலையில், உமிமேட்டில் பிறந்ததை
சாக்குப்பையில் போட்டுக்கொண்டு காரைக்குடி போனேன்.
தவிடு என்ற பெயர்
பஸ்ஸில் வைத்தது.

டாக்டர் ஜெசிந்தா ஊசியை எடுக்கவில்லை.
காகிதத்தை எடுத்தார்.

வெறிநோய்க்கு இது. ஒருநாள் சுருண்டு கிடக்கும்.
எப்போதாவது, பத்தாயிரத்தில் ஒன்றுக்கு,
குத்திய இடத்தில் கட்டி வரலாம். கெட்ட கட்டி.
அதனால் முதுகில் போடமாட்டேன்,
பின்னங்காலில், தாழ்வாக.
வந்தால் காலை எடுத்துவிட்டுப்
பூனையை வைத்துக்கொள்ளலாம்.

இத்தனை நிதானமாய் யாரும்
எனக்கு எதையும் விளக்கியதில்லை.
மதுரையில் என் கருப்பையை எடுத்தபோது
பெருக்கல் குறி போட்ட இடங்களிலெல்லாம்
வீட்டுக்காரர் கையெழுத்திட்டார்.

பத்தாயிரம் எனக்குத் தெரியும்.
இரண்டு மூன்று கைப்பிடி அரிசி.
அதில் ஒரு கல்.
சலித்துப் புடைத்து மூட்டை தைத்தாலும்
யாரோ ஒருவர் பல்லைத் தேடிப் போய்விடும்.

போடாவிட்டால்? என்றேன்.
ஆலை வாசலில் எத்தனை நாய் என்றார்.
ஏழு.

உரிமையாளர் பெயர் என்றிருந்தது படிவத்தில்.
முதலாளிக்கு ஆலையில் எலி இல்லையென்று தெரியும்;
ஏன் இல்லையென்று தெரியாது.
இருபது வருடக் கணக்குப்பிள்ளை கை
பழக்கத்தில் 'முதலாளிக்காக' என்று தொடங்கிற்று.
மு-வை அடித்தேன்.
பஞ்சவர்ணம் என்று எழுதினேன்.

அடித்த இடத்திலும் ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்.
போட்டேன்.

இடது காலா, வலது காலா?

அதையும்
என்னிடம்தான் கேட்டார்.