ஓடாத தரை

முப்பத்தோரு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றவன் நான்.
சயான் சர்க்கிளில் டிரைவர் ஒடித்துத் திருப்பும்போது
கம்பி பிடித்த ஜனமெல்லாம் ஒரே பக்கம் சரியும்.
ஒரு கையில் சில்லறை, மறு கையில் டிக்கெட் கட்டு,
முழங்காலை லேசாக மடக்கிக்கொண்டு
நான் மட்டும் நட்டு வைத்த மாதிரி நிற்பேன்.

தரூன் உபே ராஹா.
பிடித்து நில்லுங்கள்.
ஒரு நாளைக்கு நானூறு தடவை சொல்லியிருப்பேன்.
ஒரு தடவைகூட நான் பிடித்ததில்லை.

விழுந்தது ஓடாத தரையில்.
ஆடி மாசத்து அடைமழை, ஏழாவது மாடி, விடியாத நாலு மணி.
பாத்ரூம் வாசலில் மிதியடியாகப் பூரணி
மடித்துப் போட்டிருந்த என் பழைய கைலி
கிளம்பிவிட்டது, பெல் அடிக்காமலே.
கன்னத்தில் டைல்ஸ் குளிர்ந்த பிறகுதான்
நான் கீழே இருப்பது தெரிந்தது.
வாளியில் சொட்டிய தண்ணீரை எண்ணிக்கொண்டு கிடந்தேன்.
மனைவியைக் கூப்பிட வெட்கமாக இருந்தது.

எலும்புக்கு ஒன்றுமில்லை. சாஸ்தா காப்பாத்திட்டாரு என்றாள்.
டாக்டர் சாஸ்தாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை,
பிரஷர் மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார்.
முழிச்சதும் எழுந்திருக்காதீங்க,
கட்டில் விளிம்பில் கொஞ்சம் உட்காருங்க என்றார்.

பிறகு இரண்டு மாசம் சுவரோடு சுவராக நடந்தேன்.
லேபர் கேம்ப் டீக்கடைக்கு நான் போகவில்லை.
பலவேசம் ஊருக்குப் போயிட்டாரு என்று
யாரோ சொல்லிவிட்டார்கள், நானும் மறுக்கவில்லை.
பேண்ட் தொளதொளத்தது.
பயம் தின்றது தொடைச் சதையை.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண், ப்ரணாலி கதம்,
ஒற்றைக் காலில் நில்லுங்க காகா என்றாள்.
இதென்ன பிரமாதம் என்று தூக்கினேன்.
ஏக். தோன். தீன்.
மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.
முப்பத்தோரு வருஷம், மூன்று எண்ணிக்கை.
அவள் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டினாள்:
கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்க, பத்துத் தடவை.
ஆறோடு தொடை நடுங்கியது,
புறப்படும் முன் டபுள் டெக்கர் நடுங்குமே, அப்படி.

டிரில் மெஷினோடு வந்து முஸ்தாக்
பாத்ரூம் சுவரில் கம்பி பொருத்திவிட்டுப் போனான்.
ஐந்து நாள் அதில் துண்டைத் தொங்கப் போட்டேன்.
கம்பி துண்டுக்குத்தான், எனக்கில்லை.
ஆறாம் நாள் கண்ணில் சோப்பு.
கை தானாகப் போய்விட்டது.
பிடித்ததும் ஞாபகம் வந்தது பஸ்ஸின் கம்பி,
எத்தனை உள்ளங்கை தேய்த்து எவ்வளவு வழுவழுப்பு!
பிடித்தவர்கள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது பால் பொங்கும்வரை
அடுப்பு மேடையில் ஒரு விரல் வைத்து நிற்கிறேன்.
பக்கத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பூரணி.
நீரு விழுந்தா தூக்க ஆளு வேணும்லா என்கிறாள்.
நான் பதினொன்று வரை. அவள் பத்தொன்பது.
அதைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.
நேற்றுப் பால் வழிந்து போனது.

இன்றைக்கு லிஃப்ட் மறுபடி ரிப்பேர்.
கைப்பிடியைப் பிடித்து இறங்குகிறேன்.
நாலாவது மாடித் திருப்பத்தில், ஸ்டூல் போட்டு,
இடுப்பில் பிளேட் வைத்த சகீனா பி.
என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள்.
புதுசா என்று கேட்டாள்.
பிறகு தன் பாதத்தைத் திருப்பிக் காட்டினாள்,
ரப்பர் அடியில் ஆழமான வரிகள்.
இருநூற்றி எண்பது, சயான் மார்க்கெட், பேரம் பேசினேன் என்றாள்.
விழுந்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நாக்கால் இரண்டு தடவை தட்டினேன்.
கீழே டீக்கடையில் யாரோ
மழை விட்டதா என்று கேட்பது கேட்டது.
இன்னும் நாலு மாடி.