கிழமை

பதினேழாம் கிணற்றின் எண்ணை
அழித்தவன் நான்தான்.

மேல்விஷாரம் தாண்டி, பாலாற்றங்கரையோரம்
இருபத்திரண்டு கிணறுகள்.
எல்லாவற்றிலும் குரோமியம் ஏறிக் கிடக்க
இது மட்டும் சுத்தம் என்றது.
வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி துருத்திக்கொண்டிருந்தது.
"கருவிக் கோளாறு" என்றார் திபாங்கர்.
ஹேமலதா மேடம் தலையசைத்தார்.
ஒரு விசையைத் தட்டினேன்.
கோடு நேரானது.

கூட்டம் வேலூரில், மாலை ஆறரைக்கு,
ஏசி அறையில், ஆங்கிலத்தில்.
முபீனா அதற்குள் ஆற்காடு பஸ் ஏறியிருப்பாள்.
கன்னியம்மா கதவோரம்
ஐஸ் பெட்டிமேல் கைவைத்து நிற்பாள்,
புட்டிகளுக்கு யாராவது கையெழுத்துப் போடும்வரை.
பதினோரு வருஷம் தோல் ஷாப்பில்
ட்ரம் கழுவி வெடித்த கைகள்.
நாங்கள் அவளிடம் கேட்டதெல்லாம்
மூடி இறுக்கமா இருக்கா என்பதுதான்.

ஒரு மழைநாள், டீக்கடையில்,
பன்னில் பாதியை நீட்டி முபீனா கேட்டாள்:
"அந்தப் பதினேழு மட்டும் ஏங்க்கா அப்படி?"
"பக்கத்து ஷாப்பு மோட்டார் ஓடுனாத்தான்
மஞ்சத் தண்ணி இந்தப் பக்கம் இழுக்கும்.
நாம போறது லீவு நாளு.
நீங்க வேணும்னே லீவு பாத்து
போறீங்கன்னு நெனச்சிகினு கீறேன்."

முபீனா டம்ளரைக் கீழே வைத்தாள்.
வெள்ளிக்கிழமை.
அவள் அப்பாவே வேலையில்லாமல்
தொழுகைக்குப் புறப்படும் நாள்.
ஒரு வருஷத் தேதிகளை அவள்தான் தட்டெழுதினாள்,
எல்லாம் வெறும் எண்ணாக.
எங்கள் அட்டவணையில் கிழமைக்கு இடமில்லை.
ஜீப் வெள்ளிதான் காலி,
அதனால் வெள்ளி போனோம்.
அவ்வளவுதான் எங்கள் ஆய்வுமுறை.

புதனன்று ஷேர் ஆட்டோவில் போனோம்.
மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
நான்கு மடங்கு.

அப்புறம் எல்லாம் இனித்தது என்று
எழுத மாட்டேன்.
இப்போது கூட்டம் காலை பத்துக்கு, மூன்று மொழியில்,
இரண்டு மணிநேரம் இழுக்கிறது.
திபாங்கர் கொட்டாவி விடுகிறார்.
படிக்காசுக்குச் சண்டை வருகிறது.
நான் பேசிக்கொண்டிருக்கும்போதே
"தப்பு சார்" என்கிறாள் கன்னியம்மா.
பாதி நேரம் அவள் சொல்வதும் தப்பு.
மீதி நேரத்துக்காக
நாற்காலியைச் சற்று நகர்த்திப் போடுகிறேன்.

கட்டுரை முடிந்தது.
இதழின் படிவம் குடும்பப்பெயர் கேட்டது.
அவளிடம் அப்படியொன்று இல்லை.
சிவப்புக் கட்டம் நகர மறுத்தது.
"வீட்டுக்காரர் பேரைப் போட்டுடலாமா?" என்றார் மேடம்.
"அந்தாளு எதுக்கு?
அந்தாளா தண்ணி மொண்டான்?"

கடைசியில் இரண்டு கட்டத்திலும்
அவளையே எழுதினேன்:
கன்னியம்மா கன்னியம்மா.
படிவம் ஏற்றுக்கொண்டது.

முதல் கூட்டத்தின் பதிவேடு
இன்னும் என் மேசையில் இருக்கிறது.
வந்தவர்கள்: மூவர்.
என் கையெழுத்துதான்.
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.