செக்குபந்தி

கீழ்வீட்டுக்குப் பதினாறு படி.
கையில் கொடுத்தால் செல்லாது என்றார் வக்கீல்.
அதனால் என் கடிதம்
குகையில் டவுன் பஸ் ஏறி
அஸ்தம்பட்டியில் டைப் ஆகி
ஹெட் போஸ்ட் ஆபீஸில் முத்திரை வாங்கி
நான்காம் நாள்
அதே வாசலுக்கு வந்து சேர்ந்தது.

ஏழு மாதம். மாதம் நாலாயிரத்து ஐந்நூறு.
முதல் இரண்டு மாதம் நான் கேட்கவில்லை.
ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று
மாதையனின் தட்டுவடை வண்டியை
எடுக்கச் சொல்லிவிட்டார்கள்,
தெருவுக்கே தெரியும்.
மூன்றாம் மாதம் கேட்டேன்.
நான்காம் மாதம் கேட்காமல்
அவர்கள் ஜன்னலுக்கு நேரே
செருப்பைச் சத்தமாக உதறினேன்.
ஐந்தாம் மாதம்
பேங்கிலிருந்து எனக்குப் போன் வந்தது.
'மேடம்' என்றுதான் ஆரம்பித்தான்.

"அட்வான்ஸ் எவ்வளவு வாங்கினீங்க?"
இருபதாயிரம் என்றேன்.
அது இருக்கிறதா என்று
வக்கீல் கேட்கவில்லை.
இருக்கிறது சார்,
மாடியில் டைல்ஸாகக் கிடக்கிறது.
தினமும் அதைத்தான் துடைக்கிறேன்.

டைப் அடித்த பெண் வாசித்துக் காட்டினாள்.
'எமது கட்சிக்காரர் திருமதி வசந்தாமணி'
யாரோ பெரிய மனுஷி என்று
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
'தாங்கள் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்துடன்'
அந்த வரி வேண்டாம் என்றேன்.
"அது இல்லாம நோட்டீஸ் இல்லம்மா,
எல்லாருக்கும் போடறதுதான்."
முப்பத்தோராயிரத்து ஐந்நூறு,
எண்ணாலும் எழுத்தாலும்.
பதினைந்து தினங்களுக்குள்
காலி செய்து சுவாதீனம் ஒப்படைக்க.
சுவாதீனம் என்றால் என்ன என்று கேட்டேன்.
"உங்க வீடு உங்க கைக்கு வர்றது."
என் கையைப் பார்த்தேன்.
பஸ் டிக்கெட் இருந்தது.

கடைசியில் சொத்து விவரம்:
தென்வடல் வீதிக்கு மேற்கு,
பெரியண்ணன் வீட்டுச் சுவருக்குக் கிழக்கு,
காலி மனைக்குத் தெற்கு,
பொதுச் சந்துக்கு வடக்கு,
இதன் மத்தியில் கீழ்த்தளத்தில்
ஒரு ஹால், ஒரு சமையலறை, பாத்ரூம் வகையறா.
வசந்தாமணிக்குக் கீழே என்று
செக்குபந்தியில் எழுதுவதில்லை.

தபால்காரர் வந்தபோது
கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.
"மாதையன் வீடு எதுங்க?"
அண்ணாந்து கேட்டார்.
விரல் நீட்டியது நான்தான்.
"ரிஜிஸ்தர் தபால். நீங்களே வாங்கிக் குடுத்துடறீங்களா?"
அவங்க உள்ளதான் இருக்காங்க என்றேன்,
கொஞ்சம் அவசரமாக.
தனபாக்கியம் மாவுக் கையோடு வந்தாள்.
பேனா வழுக்கியது.
முந்தானையில் துடைத்துவிட்டு
மறுபடி பிடித்தாள்.

ஒப்புகை அட்டையைப் போட்டோ எடுத்து
வக்கீல் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.
மா. தனபாக்கியம்.
மூன்று வருஷத்தில்
அவள் கையெழுத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.
நல்ல கையெழுத்து.
பெரிதாக்கினால்
ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு.

இன்று விடிகாலை நாலரைக்கு
மேட்டூர்த் தண்ணி விட்டார்கள்.
மோட்டார் சுவிட்ச் கீழே, அவள் வீட்டில்.
டேங்க் மேலே, என் தலைக்கு மேல்.
அவள் போடுவாள்.
"ரொம்பிருச்சு தனம்" என்று நான் கத்துவேன்.
அவள் நிறுத்துவாள்.
எந்த முத்திரைத்தாளிலும் இல்லாத ஏற்பாடு.

இன்று போடமாட்டாள் என்று நினைத்தேன்.
போட்டாள்.

கைப்பிடிச் சுவரோரம் நின்றேன்.
சேர்வராயன் மலை
இன்னும் இருட்டாகத்தான் இருந்தது,
மேலே இரண்டு விளக்கு.
டேங்க் ரொம்பியது. வழிந்தது.
வாயைத் திறந்தேன்.
கட்சிக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்று
வக்கீலிடம் கேட்க மறந்திருந்தேன்.

தண்ணி அவள் ஜன்னலை உரசிச்
சந்தில் விழுந்துகொண்டே இருந்தது.
பிறகு மோட்டார் நின்றது.
மேலே மிச்சம் சொட்டிக்கொண்டிருந்தது.

கீழே
ஒரு வாளியை இழுக்கிற சத்தம்.
வழிந்ததை அவள் பிடிக்கிறாள்.