அரைப்பேர்

நுவரெலியாவில் ஏப்ரல் என்பது
எங்களுக்கு வருஷம் முழுவதற்குமான சோறு.
கொழும்பு வான்கள்
வாவியை மூன்று தடவை சுற்றிவிட்டு
நான்காவது சுற்றில் எங்கள் செயலியைத் தரவிறக்கும்.
'இடம் இருக்கு' என்று அதற்குப் பெயர் வைத்தோம்.
மூன்று மொழியிலும் அதே பொருள்,
முதல் சீசனில் மூன்று மொழியிலும் பொய்.

இரண்டாம் சீசனில் பொய் கொஞ்சம் குறைந்தது.
பதினொரு வளவுகள், ஒரு தேவாலயத்தின் பின்முற்றம்,
லீக்ஸ் பிடுங்கி முடித்த ரொசாரியோவின் பாத்தி.
கார் நல்ல பயிர், தண்ணீர்கூடக் கேட்பதில்லை
என்றார் அவர்.

செயலி இருந்தால் ஆள் எதற்கு என்பவர்கள்
பின்னேரம் மூன்று மணிக்கு இங்கே பனி இறங்குவதைப் பார்த்ததில்லை.
வரைபடத்தின் நீலப் புள்ளி வாவிக்குள் நீந்தும்.
அப்போது மஞ்சள் மேலங்கியோடு டோர்ச்சை ஆட்டி
'வாங்க, வாங்க, இன்னும் கொஞ்சம், போதும்' என்று சொல்ல
மகேஸ்வரி வேண்டும்.
'போதும்' எந்த இடத்தில் என்று
கைபேசிக்குத் தெரியாது.

இனி வளரணும், என்றான் பர்ஹான்.
வெள்ளைப் பலகையில் நான்கு கட்டம் போட்டான்.
கண்டி: டியூஷன் விடும் நேரம், ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகும் நேரம்.
எல்ல: பாலத்தில் ரயில் வருவதைப் படமெடுக்க வருகிறவர்கள்.
நல்லதண்ணி: போயாவுக்குப் போயா மலையேறுகிறவர்கள்,
இரவு இரண்டு மணிக்கு நிரம்பும் வெறுந்தரைகள்.
நான்காவது கட்டத்தில் ஒரு கேள்விக்குறி.
அது காசு, என்றான்.

காசு கொள்ளுப்பிட்டியில் ஒன்பதாம் மாடியில் இருந்தது.
மிஸ் தேஷானி நல்லவர்.
இஞ்சி பிஸ்கட் தந்தார், எங்கள் கணக்கை வரிவரியாகப் படித்திருந்தார்.
'ஒரு வாகனத்துக்கு ஆள் செலவு கூடுது' என்று
திரையில் ஒரு நிரலைச் சேர்த்தார்.
நாளைக்கு நாற்பது வாகனம்.
குறைந்தால் பாதிச் சம்பளம்.
ஊக்கத் திட்டம் என்று தலைப்பிட்டார்.

நாற்பது.
அந்த எண்ணை எனக்குத் தெரியும்.
அப்போது அது பதினெட்டாக இருந்தது, கிலோவில்.
பதினாறோடு அம்மா மடுவத்துக்கு வந்த நாட்களில்
செக்ரோலில் அவளுக்கு அரைப்பேர் விழும்.
மழைக்கு யாரும் பேர் போடுவதில்லை.

ஏதோ பேசினேன், மோசமாகத்தான் பேசினேன்.
பனி இறங்கினால் வான் வராது,
அதற்கு மகேஸ்வரியா பொறுப்பு என்று.
மேசைக்கடியில் பர்ஹான் என் சப்பாத்தை மிதித்தான்.
இரண்டு கிழமை யோசியுங்கள், என்றார் அவர்.
கீழே வந்தால்
தெருவோரம் விட்டிருந்த எங்கள் காரின் கண்ணாடியில்
தண்டச்சீட்டு.

அவிசாவளை வரை அதற்கே சிரித்தோம்.
பிறகு அவன் கேட்டான்: முப்பது என்று பேரம் பேசலாமா?
அரைப்பேர் என்றால் என்னவென்று சொன்னேன்.
அவன் அக்குறணையில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை,
அந்தச் சொல்லை அன்றுதான் கேட்கிறான்.
கினிகத்தேனை வரை ஒன்றும் பேசவில்லை.
அங்கே தேநீர்க் கடையில் இறங்கி,
'அப்ப ஒரு கட்டம் மட்டும்' என்றான்.
'கையில பதினொரு கிழமைக்குக் காசு இருக்கு.'

ஒப்பந்தத் தாள் இன்னும் என் பையில்தான்.
கையெழுத்திடவில்லை. கிழிக்கவுமில்லை.

இன்றிரவு நல்லதண்ணியில் எங்கள் முதல் போயா.
இரண்டரை மணி, தூறல், சிக்னல் ஒரே ஒரு கோடு.
இதுவரை இருபத்தாறு வாகனம்.
சம்பள நிரலில் ஐந்து பேருக்கும் முழுப்பேர் போட்டேன்.
அடியில் கூட்டுத்தொகை சிவப்பானது.
சிவப்பாகவே இருக்கட்டும்.
வளைவில் ஒரு பஸ்ஸின் வெளிச்சம் திரும்புகிறது,
குருநாகல் பக்கத்துப் பஸ், எங்கள் செயலி அதனிடம் இருக்காது.
டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன்:
வாங்க, வாங்க,
இன்னும் கொஞ்சம்