இடம் போனால் என்ன

நாலு நாற்பதுக்குக் கோரிமேட்டு ஆய்வகத்தில்
கையுறையைக் கழற்றினால்
ஐந்துக்குள் விமானதளத்து மதிலோரம் வந்துவிடுவேன்.
அதுவும் அந்நேரம்தான் வரும்,
கருவடிக்குப்பம் பக்கமிருந்து,
வாயில் ஒரு கோழிக்காலோ மத்தித் தலையோ.
என் ஸ்கூட்டிக்கு ஒதுங்காது.
நான்தான் ஒதுங்குவேன்.

மூன்றாம் குறுக்குத் தெருவில்
சீமைக்கருவேலம் மண்டிய காலி மனை.
'இந்த இடம் விற்பனைக்கு அல்ல'
பலகைக்கு நேர் கீழே
கம்பிவேலியில் ஒரு கிழிசல்.
அதுதான் அதன் வாசல்.

முதல் மாதம் நாயென்று நினைத்தேன்.
நரிதான்.
இடது பின்னங்காலை ஊன்றாமல்
மூன்று காலில் உறுதியும்
நான்காவதில் சந்தேகமுமாக நடக்கும்.
வால் நுனி மட்டும்
மைக்கூட்டில் தோய்த்தெடுத்த மாதிரி.
தெருநாய்கள் வடிகாலுக்கு மறுபுறம் போய்
வேறெங்கோ பார்த்துக்கொண்டு உட்காரும்.

நரி முகத்தில் முழித்தால் அதிர்ஷ்டமாம்.
எட்டு மாதத்தில்
நூற்றுப்பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.
என் பணி நிரந்தரக் கோப்பு
அதே மேசையில், அதே பேப்பர்வெயிட்டின் கீழ்.
யோசித்தால் இதில் யாரும் முழிக்கவில்லை.
இரவெல்லாம் முழித்திருந்துவிட்டு
தூங்கப் போகிற இரண்டு பேர்,
யார் முகத்தில் யார் முழித்து
யாருக்கு என்ன கிடைத்துவிடும்.

குடியிருப்போர் சங்கத்துக் குழுவில்
வியாழனன்று அது ஓநாய் ஆயிற்று.
வெள்ளியன்று சிறுத்தைக் குட்டி.
ஞாயிறு காலை பால்பூத்தில்
கரடி என்றே சொன்னார்கள்,
நின்றுகொண்டு சுவரைப் பிறாண்டியதாம்.

செயலாளர் தணிகாசலம்
மாடியேறி வந்து கேட்டார்.
"அந்நேரத்துல வர்ற ஆளு நீங்க ஒருத்தர்தாம்மா.
எதையாச்சும் பாத்தீங்களா?"
"நாய்தான் சார்.
கால் ஒடிஞ்ச நாய்."

இருப்பதை இருக்கிறதென்றும்
இல்லாததை இல்லையென்றும் எழுதத்தான்
எனக்குச் சம்பளம்.
அவர் இறங்கிப் போனபின்
கைகளை இரண்டு முறை கழுவினேன்.

இருந்தும் கூண்டு வந்தது,
வனத்துறை ஜீப்பில்,
உள்ளே ஒரு முழுக்கோழி தொங்க.

மறுநாள் ஐந்து மணிக்குக்
கதவு விழுந்திருந்தது.
உள்ளே பிசியோதெரபி வில்பிரெட் வீட்டு லாப்ரடார்,
கோழியைத் தின்றுவிட்டு
பில் வராமல் விழிக்கிறவனைப்போல.
வெளியே, நாலடி தள்ளி,
காலை நீட்டி உட்கார்ந்து
அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது நரி.
நானும் வண்டியை நிறுத்தினேன்.
மூன்று பேரில் ஒருவருக்கும்
சத்தம்போடத் தோன்றவில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம்
வெயிலோடு மழை.
'நரிக்குக் கல்யாணம், நரிக்குக் கல்யாணம்' என்று
கீழ்வீட்டுப் பிள்ளைகள் கத்தியதில் தூக்கம் கலைந்து
ஜன்னல் திரையை விலக்கினேன்.
ஏணி போட்டு ஒருவன்
பலகையில் 'அல்ல'வை மட்டும்
வெள்ளையடித்துக்கொண்டிருந்தான்.
மழை கரைத்தது.
மறுபடியும் அடித்தான்.

பிறகு ஜேசிபி. ஒரே முற்பகல்.
கருவேலம் லாரியேறிப் போயிற்று.

நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன,
மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி
என்பாள் என் சித்தி, எதற்கெடுத்தாலும்.
வலப்பக்கம் விமானதளத்து மதில்,
மேலே கண்ணாடிச் சில்லு.
இடம் போயிற்று.

பதினேழு நாள்.
நேற்று அங்கே மணல் கொட்டியிருந்தார்கள்.
விளக்கை அணைத்துவிட்டு
செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன்.
ஈர மணலில் மூன்று தடம், ஆழமாக.
நான்காவது
பதிந்ததா, காற்று கீறியதா,
சொல்ல முடியவில்லை.

ஆய்வகமாக இருந்தால்
மாதிரி போதவில்லை, மறுபடி எடுக்கவும்
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.